கூடத்தில் ஒரு கல்லீரல்

எங்கள் வீட்டில் அறிவியல் என் மனைவியின் இலாகா. என்னிடம் இருப்பது வரலாறு. "நாங்க படிக்கிற காலத்துல..." என்று நான் ஆரம்பித்தால் மகளுக்குத் திடீரென்று தாகம் எடுக்கும், அடுக்களைக்குப் போய்விடுவாள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை. அப்படி இருக்கையில்தான் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டு, இனிமேல் அறிவியலை ஏ.ஆர். முறையில் நடத்தப் போகிறோம், வீட்டுப் பயிற்சிக்குப் பெற்றோரின் முழு ஒத்துழைப்பு தேவை என்று அறிவித்தார்கள். ஒத்துழைப்பு என்றால் பணம் என்பது வரைக்கும் எனக்கு அனுபவம் உண்டு. இந்தத் தடவை வயிற்றையும் கேட்பார்கள் என்று தெரியாது.

ஏ.ஆர். ஒன்றும் பெரிய மர்மமில்லை. போன் கேமரா வழியாக நம் வீட்டுக் கூடத்தையே பார்க்கிறோம். சோபா இருக்கிறது, மடிக்காத துணி இருக்கிறது, நடுவே ஒரு புலி நிற்கிறது. போனைக் கீழே வைத்தால் புலி இல்லை. துணி மட்டும் இருக்கிறது. 2016-ல் போக்கிமான் கோ வந்தபோது இளைஞர்கள் போனைப் பார்த்தபடியே தெருத்தெருவாக அலைந்தது இதனால்தான். 2020 ஊரடங்கில் கூகுளில் புலி, சுறா என்று தேடியவர்கள் அவற்றை வீட்டுக்குள் வரவழைத்துப் படம் பிடித்ததும் இதே வித்தைதான். தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டும் தொழில்நுட்பம் என்று மனைவிக்கு விளக்கினேன்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா உங்க சம்பளத்தைச் சொன்னாங்களே, அதுதானே?" என்றாள்.

அறிவியல் அவள் இலாகா என்று முதலிலேயே சொன்னேன்.

வித்தைக்கு வயது அதிகம். 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். மாட்டிக்கொண்டவருக்கு எதிரே வெறும் கோடுகளாலான ஒரு கனசதுரம் அந்தரத்தில் மிதக்கும். கருவியின் கனத்தை முழுக்கத் தலையில் ஏற்ற முடியாது என்று கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். தலைக்கு மேலே தொங்கியதால் 'டெமாக்ளிஸின் வாள்' என்று அதற்குப் பட்டப்பெயர். இப்போது வழங்கும் ஆங்கிலப் பெயரை 1990 வாக்கில் சூட்டியவர் போயிங் விமானக் கம்பெனியில் இருந்த டாம் காடெல். விமானத்துக்குள் ஓடும் ஒயர்களை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை வேலையாளின் கண்ணெதிரிலேயே காட்டிவிட்டால் பெரிய பெரிய பலகைகளில் வரைந்து வைக்க வேண்டாமே என்பது யோசனை. எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டுக்கு அப்படி ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. பாத்ரூம் விளக்குக்காகத் தட்டினால் மோட்டார் ஓடுகிறது. ஒயர் இழுத்தவர் வேறு யாரோ. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவன் நான்.

வீட்டுப் பயிற்சிக்கு முதல் தடை என் போன். ஆப் இறங்கியது, திறந்தது, 'இந்தச் சாதனத்தில் இயலாது' என்று நின்றுவிட்டது. கேமரா, அசைவை உணரும் சென்சார், பிராசசர் மூன்றும் ஈடுகொடுக்கின்றனவா என்று மாடல் மாடலாகப் பரிசோதித்துத்தான் கூகுள் ஒரு பட்டியலில் சேர்க்கிறது. என் போன் அதில் இல்லை. பொங்கல் தள்ளுபடியில் அதை வாங்கிவிட்டு, இதைவிட அதிகம் கொடுத்து போன் வாங்குகிறவன் புத்தியில்லாதவன் என்று அலுவலகம் முழுக்கப் பிரசங்கம் செய்தவன் நான். பட்டியலில் இருந்த போன் ஒன்று தவணையில் வந்தது. அலுவலகத்தில் அதை இன்னும் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. மணி அடித்தால் படிக்கட்டுக்குப் போய்ப் பேசுகிறேன்.

அடுத்த தடை தரை. எதையும் நிறுத்தி வைப்பதற்கு முன் ஆப் ஒரு தட்டையான பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். 'போனை மெல்ல அசைக்கவும்' என்று ஒரு சின்னக் கை ஆடிக்காட்டியது. தீபாராதனைத் தட்டு ஏந்திய குருக்கள் மாதிரி கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பரப்பு கிடைக்கவில்லை.

காரணம் உண்டு. போன் தரையைத் தரையாகப் பார்ப்பதில்லை, புள்ளிகளாகப் பார்க்கிறது. மூலை, கறை, கீறல் என்று அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் நகரும்போது அந்தப் புள்ளிகள் எப்படி இடம் மாறுகின்றன, உள்ளேயிருக்கும் சென்சார் என்ன சொல்கிறது என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் 'இது தரை, நான் இங்கே இருக்கிறேன்' என்ற முடிவுக்கு வருகிறது. எங்கள் கூடத்திலோ பளபள வெள்ளை டைல்ஸ். அதில் புள்ளி கிடையாது. தெரிவதெல்லாம் டியூப்லைட்டின் பிம்பம். அது நாம் நகர்ந்தால் கூடவே நகர்ந்து போனைக் குழப்புகிறது. வீடு கட்டும்போது மொசைக் போதும் என்றவள் மனைவி. டைல்ஸ்தான் கௌரவம் என்றவன் நான். மொசைக்கில் சாண் அளவு இடத்தில் நூறு புள்ளி கிடைக்கும். என் கௌரவத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பதைத் தவணை கட்டும் போனே சொல்லிவிட்டது.

அம்மாதான் வழி காட்டினாள். "பேப்பரை விரிச்சுப் போடுடா."

காய் நறுக்குவதானாலும், முடி வெட்டுவதானாலும், ஊறுகாய் பாட்டிலைச் சுற்றுவதானாலும் அம்மாவிடம் பழைய பேப்பர்தான் தீர்வு. அச்செழுத்து நெருங்கிக் கிடக்கும் காகிதத்தில் போனுக்கு வேண்டிய மூலைமுடுக்கெல்லாம் இருந்தது. சட்டென்று பிடித்துக்கொண்டது. மகள் திரையைத் தொட்டாள். கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில், மாலை போட்ட ஒரு பெரியவரின் படத்துக்கு மேலே, ஒரு இதயம் துடிக்க ஆரம்பித்தது.

"இவருக்கு மட்டும் இன்னும் நிக்கலை பாரு" என்றாள் அம்மா.

இங்கே ஒரு விஷயத்தை விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். நான் பத்தாம் வகுப்பில் இதயம் படம் வரைந்து பாகங்களை இடவலமாக மாற்றிக் குறித்தவன். புத்தகத்தில் இதயம் நம்மைப் பார்த்து நிற்கிறது. அதன் இடது வெண்ட்ரிக்கிள் நமக்கு வலப்பக்கம் வரும். எதிரே நிற்கிறவரின் இடது கை என் வலது கைக்கு நேரே இருப்பதை எந்த ஆசிரியரும் எனக்குப் புரியவைக்க முடியவில்லை. மகள் செய்தது ஒன்றுதான். பேப்பரைச் சுற்றி நடந்து இதயத்துக்குப் பின்னால் போய் நின்றாள். இடது இடதாகிவிட்டது, வலது வலதாகிவிட்டது. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன் என்று கேட்டேன். "அது உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளணும்ப்பா. வலது பக்கத்துலேருந்து பக்கத்து நுரையீரலுக்குப் போனா போதும்" என்றாள், பின்னால் நின்றபடியே. நானும் பின்னால் போய் நின்று பார்த்தேன். பத்தாம் வகுப்பில் எனக்கு அந்த வசதி இல்லை. புத்தகத்துக்குப் பின்னால் போனால் பெஞ்சில் பக்கத்துப் பையன்தான் இருந்தான்.

இரண்டு விரலால் விரித்தால் பொருள் பெரிதாகும் என்பதுதான் இந்த ஆப்பின் குணமும் தோஷமும். நிஜத்தில் ஒரு கைப்பிடி அளவு, 300 கிராம் சுமாருள்ள இதயத்தை மகள் பிரிட்ஜ் அளவுக்கு வளர்த்துவிட்டாள். அது கூடத்தை அடைத்துக்கொண்டு துடித்தது. அந்த நேரம் பார்த்து மனைவி கரண்டியோடு குறுக்கே வந்தாள்.

"அம்மா, இதயத்துக்குள்ள நடக்காதே!"

"ரசம் பொங்குது. இதயத்தைச் சுத்திக்கிட்டு வரணும்னா உங்கப்பாவை வைக்கச் சொல்லு ரசம்."

திரையில் அவளைக் காணோம், இதயம் மட்டும் தெரிந்தது. எது முன்னே எது பின்னே என்ற தூரம் ஆப்புக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் மேலேதான் படத்தை வரையும். தூரம் கண்டுபிடித்து மறைக்க வேண்டியதை மறைக்கும் வசதியை 2020-லேயே கூகுள் கொடுத்துவிட்டது. எங்கள் ஆப் அதைக் கேட்டு வாங்கவில்லை போலிருக்கிறது.

பிறகு வந்தது பனியன். பாடம் செரிமான மண்டலம். நெஞ்சிலிருந்து வயிறு வரை விசித்திரமான ஓர் அச்சு போட்ட டி-ஷர்ட் அது. யாராவது அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஆப் அந்த அச்சை அடையாளம் கண்டு அதன் மேல் உள்ளுறுப்புகளை வரையும். போட்டுக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. காட்டுவதற்கு அதிக இடம் இருப்பது என்னிடம்தான் என்று மனைவி காரணம் சொன்னாள்.

அச்சை வடிவமைத்தவர் மனித வயிற்றைத் தட்டையானது என்று நம்பியிருக்கிறார். என் வளைவில் ஏறி இறங்கும்போது அச்சு கோணி, கல்லீரல் வலது விலா எலும்புக்குக் கீழே நிற்காமல் கம்புக்கூட்டுக்கு நழுவியது. உடம்பின் உள்ளுறுப்புகளில் பெரியது அது, ஒன்றரை கிலோ. நழுவினால் யார் கண்ணுக்கும் தப்பாது.

"அப்பா, மூச்சை இழுத்துப் பிடி. கல்லீரல் கைக்குள்ள போகுது."

பிடித்தேன். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மகள் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுகிற வரைக்கும் நான் மூச்சுவிடக் கூடாது. மனைவி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு சுத்தமாவா இருக்கும்? நேத்து ராத்திரி வெளியில சாப்பிட்டீங்களே, அந்தப் பரோட்டாவைக் காணோமே" என்றாள். பரோட்டா விஷயம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விட்ட மூச்சில் கல்லீரல் மறுபடி கிளம்பியது.

வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு ரிட்டையர்டு தாசில்தார் இதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"சார், என் கிட்னியில ஒரு கல்லு இருந்துச்சு. இன்னும் இருக்கான்னு இதுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஸ்கேன் சென்டர்ல உக்கார வெச்சே சாகடிக்கிறான்."

"சார், இது ஸ்கேன் இல்லை. அச்சு தெரிஞ்சதும் முன்னாடியே வரைஞ்சு வெச்ச படத்தைக் காட்டுது. யார் போட்டாலும் அதே படம்தான். நாற்காலிக்கு மாட்டினா நாற்காலிக்கும் சிறுகுடல் வரும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "முப்பது வருஷம் ரெவின்யூல இருந்தவன் சார் நான். இல்லைன்னு சொல்றவன்கிட்டதான் இருக்கும்."

பனியனை வாங்கிச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். இரண்டு சிறுநீரகமும் பளிச்சென்று தெரிந்தன, கல் இல்லை. ரிப்போர்ட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்கொண்டு போனார். அன்றோடு வாழைத்தண்டுச் சாற்றை நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி வந்து என் மனைவியிடம் முறையிட்டார். இப்போது காலைநடையில் அவர் கூட்டாளிகள் என்னைப் பார்த்தால் வயிற்றைத் தடவிக்கொண்டு புன்னகை செய்கிறார்கள்.

சிரித்தாலும் விஷயம் சின்னதில்லை. படித்து, பதவி வகித்து, பட்டா மாறுதலில் கோடி பொய்யைப் பார்த்தவரே நம்புகிறார் என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்பாதா? உடம்பின் மேல் ஒட்டித் தெரிகிறது, உடம்போடு நகர்கிறது. கண்ணுக்கு அது போதும். அதனால் பனியனைப் பாடத்தின் கடைசியில் நாற்காலிக்கும் ஒரு தடவை மாட்டிக் காட்டிவிடுவது உத்தமம். மகள் எங்கள் வீட்டு நாற்காலிக்கு மாட்டினாள். கல்லீரல் அசையாமல் அதன் இடத்தில் நின்றது. என்னைவிட நாற்காலி நல்ல மாதிரி என்று பள்ளிக்கும் எழுதி அனுப்பிவிட்டாள்.

அம்மாவுக்கும் இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சொந்தமாக ஓர் அடையாளப் படத்தை வரைந்து அதன் மேல் பொருளை வரவழைக்கும் பயிற்சி ஒன்று வந்தது. கறுப்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றதும் அம்மா வாசலில் ஒரு சிக்குக் கோலம் போட்டுக் கொடுத்தாள். ஆப் தடுமாறியது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கோலம் ஒரே மாதிரி இருப்பதால் வடக்கு எது தெற்கு எது என்று போனுக்கு விளங்கவில்லை. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்திலிருந்து தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூ.ஆர். கட்டம் இருக்கிறதே, அதை உற்றுப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். 1994-ல் ஜப்பானில் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க உண்டாக்கியது அது. மூன்று மூலையில் மட்டும் பெரிய சதுரம், நாலாவது மூலை காலி. அந்தக் காலி மூலையை வைத்துத்தான் கருவி திசை கண்டுபிடிக்கிறது. மகள் இதைச் சொல்லி, ஒரு மூலையைக் கலைத்துவிடச் சொன்னாள்.

"நாலு பக்கமும் ஒண்ணா வரணும்னுதானேடி இத்தனை வருஷமா குனிஞ்சு நிமிர்றேன்" என்று அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தை மூடிவிட்டாள்.

தவளைக்கு மட்டும் நான் ஏ.ஆருக்குக் கோயில் கட்டுவேன். பிளஸ் டூ விலங்கியல் செய்முறையில் குளோரோபார்ம் வாடையில் தவளை மயங்குவதற்கு முன் மயங்கியவன் நான். என்னை வெளியே தூக்கி வந்தவர்கள் திரும்பிப் போவதற்குள் தவளை தப்பிவிட்டது. ஏதோ ஓர் உயிரைக் காப்பாற்றினேன். கல்லூரிகளிலேயே விலங்குகளை அறுப்பது வேண்டாம் என்று 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. மகளின் தவளை சாப்பாட்டு மேசையில் பேப்பருக்கு மேல் மல்லாந்து படுத்தது, உறுப்புகளைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினாள், எழுந்து உட்கார்ந்தது. காந்தப்புலமும் அப்படித்தான். இரும்புத் தூளைக் காகிதத்தில் தூவினால் ஒரு தளத்தில்தான் கோடு தெரியும். இதில் காந்தத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கோடுகள் வளைந்து நிற்கின்றன. கண்ணால் காண முடியாததற்கும், அறுக்க மனம் வராததற்கும் போனை நீட்டலாம்.

ஆனால் செம்பருத்திக்கு? வாசலில் செடி பூத்துக் குலுங்குகிறது. மகளும் இரண்டு தோழிகளும் உள்ளே உட்கார்ந்து பேப்பருக்கு மேல் பூத்த செம்பருத்தியின் அல்லி வட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அம்மா சாமிக்கு வைத்திருந்த ஒரு பூவை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து அவர்கள் முன் வைத்துவிட்டுப் போனாள். மகரந்தத்தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து குழலாக இருப்பதும், உச்சியில் ஐந்து சூலகமுடி நிற்பதும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. மூன்று பிள்ளைகளின் விரலிலும் மஞ்சள் தூள். தவணையில் வாங்கிய எந்தப் போனிலும் அது ஒட்டாது.

மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். போனை வானத்துக்கு நீட்டினால் எது வியாழன் எது வெள்ளி என்று பெயர் காட்ட வேண்டும். எனக்கு வியாழன் பக்கத்து வீட்டு மாடி பாத்ரூமில் தெரிந்தது. பக்கத்தில் இரும்பு இருந்தால் போனின் திசைகாட்டி குழம்பும். எங்கள் மாடி முழுக்க, அடுத்த மாடி கட்டுவேன் என்ற நம்பிக்கையில் நான் விட்டுவைத்த துருப்பிடித்த கம்பிகள். போனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டு போட்டால் சரியாகும் என்றது ஆப். ஆர்.டி.ஓ. ஆபீசில் போட்ட எட்டுக்குப் பிறகு நான் போட்ட எட்டு அதுதான். அங்கே போலவே இங்கேயும் காலை ஊன்றிவிட்டேன், கம்பியின் மேல்.

மகளுக்கு அறிவியல் எடுக்கும் டீச்சரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். நாற்பது பிள்ளைகளுக்குக் கைவிரல் எண்ணிக்கையில் டேப்லெட். சார்ஜ் இருப்பது அதிலும் பாதி. அந்த அம்மாள் அதற்காக அசரவில்லை. சூரியக் குடும்பப் பாடத்துக்கு அவர் கொடுத்த வேலை ஒரே வரி: 'ஆப் காட்டும் சூரியக் குடும்பத்தில் ஒரு பெரிய பொய் இருக்கிறது, கண்டுபிடித்து வா.'

கூடத்தில் எட்டுக் கோளும் வந்தன. சோபாவுக்கும் டிவிக்கும் இடையே சூரியன் முதல் நெப்டியூன் வரை அடக்கம். அழகாகத்தான் இருந்தது. மகள் கணக்கு நோட்டை எடுத்தாள். பூமி ஒரு சென்டிமீட்டர் கொண்டைக்கடலை என்றால் சூரியன் 109 சென்டிமீட்டர், விரித்த குடை. நிலா 30 சென்டிமீட்டர் தள்ளி. சரி, குடைக்கும் கடலைக்கும் எவ்வளவு தூரம்? 117 மீட்டர். என் கூடம், டைல்ஸ் கௌரவம் உட்பட, 18 அடி.

குடையை எங்கள் கேட்டில் கட்டினோம். 117 மீட்டரில் இஸ்திரி வண்டி வந்தது. கடலையை அங்கே வைத்தோம். இந்தக் கணக்கில் சூரிய ஒளியே குடையிலிருந்து கடலைக்கு வர 8 நிமிடம் 20 விநாடி எடுத்துக்கொள்ளும். முழங்கால் வலியோடு அம்மா அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். வியாழனுக்கு 11 சென்டிமீட்டரில் ஒரு தேங்காய். 610 மீட்டர் நடந்தால் பிள்ளையார் கோயில். படியில் வைத்துவிட்டு வந்தோம். தூரத்தைச் சரிபார்க்க மறுபடி போனபோது குருக்கள் அதை உடைத்து, பாதியைப் பிரசாதமாகக் கொடுத்தார். மீதி வியாழன் சட்னியாகிவிட்டது.

நெப்டியூனுக்கு ஓர் எலுமிச்சம்பழம், தூரம் 3.5 கிலோமீட்டர். அது அடுத்த ஊர். அங்கே ஒரு டீக்கடையில் விஷயத்தைச் சொல்லி வைத்துவிட்டு வந்தோம். கடைக்காரர் அதோடு பச்சை மிளகாயைக் கோத்துக் கடை வாசலில் தொங்கவிட்டுவிட்டார். குடையைக் கேட்டிலிருந்து நான் இன்னும் அவிழ்க்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். பனியன் மட்டும் கேட்க வேண்டாம். எங்கள் தெருமுனையிலிருந்து நெப்டியூனுக்கு மினி பஸ் உண்டு. கடைசி வண்டி இரவு எட்டரைக்கு.